இணைப்பில் இருக்கவும்

வணக்கம், மின்தடைப் புகார் மையம்,
பேசுவது ஸ்டெல்லா.
ஓட்டேரியிலிருந்து ஒருவர்.
ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிடுச்சு மேடம், ஒரு மணி நேரமாச்சு.
இணைப்பு எண் கேட்கிறேன்.
இருட்டில் அவர் அட்டையைத் துழாவும்போது
பின்னாலிருந்து ஒரு குழந்தை அழத் தொடங்குகிறது.

மூன்று மாதமிருக்கும்.
பசி அழுகை இல்லை, புழுக்க அழுகை.
எனக்கு வித்தியாசம் தெரியும்,
என் மார்புக்குத் தெரியவில்லை.
ஹெட்போனுக்குள் யாரோ பெற்ற பிள்ளை வீறிட
அண்ணா சாலை நாலாவது மாடியில்
எனக்குப் பால் இறங்குகிறது.
ஊதாச் சுடிதாரில் இரண்டு வட்டம்.
துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு
கடைசி நம்பர் ஏழா ஒண்ணா சார், என்கிறேன்.

பால் பத்துதா?
பார்க்கிற எல்லோரும் கேட்கிறார்கள்.
லிஃப்ட்காரர்கூட, கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு.
அதற்கு முன் கேட்டது, நார்மலா ஆபரேஷனா.
ஆபரேஷன் என்றால் ஓர் உச்சுக்கொட்டல்,
பிட் அடித்துப் பாஸானவளைப் பார்ப்பது போல.

சாப்பாட்டு அறை டி.வி.யில் விவாதம்:
பிரசவத்துக்கு இத்தனை மாத விடுப்பு தேவையா?
நான்கு பேர். மூவருக்கு மீசை.
நாலாமவள் வாயைத் திறக்க, டயபர் விளம்பரம்.
குமுதவல்லி மேடம் சத்தத்தைக் குறைத்தார்.
"எனக்கெல்லாம் தொண்ணூறு நாள்தான்."
பெருமையா கோபமா, பிரிக்க முடியாத குரல்.
பிறகு ரெக்கார்டு ரூம் சாவியை
என் டிபன் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார்.

நாடா கட்டிய பழைய மீட்டர் பதிவேடுகளுக்கு நடுவே
சுவரைப் பார்த்து உட்காருகிறேன்.
பம்ப் தையல் மெஷின் போல ஓடுகிறது.
எண்பது மில்லி. சில நாள் அறுபது.
தேதி, நேரம், அளவு எழுதி ஒட்டி
ஃப்ரிட்ஜில் யாருடையதோ வத்தக்குழம்புக்குப் பக்கத்தில்.

இரவு எட்டு பத்துக்குத் திரையில் அயனாவரம் சிவந்தது.
கம்பிமேல் மரம்.
எங்கள் தெரு.
வீட்டு ஃப்ரீசரில் பதினொரு பை இருக்கிறது,
நாலு நாளைய நான்.

செல்போன் லாக்கரில் என்பதால்
ஜெயசீலன் பொது எண்ணுக்கே அடித்திருக்கிறான்,
வரிசையில் பதினேழாவதாக.
"மேடம், கரண்ட்..." என்று ஆரம்பித்து
குரலைக் கண்டுபிடித்து நின்றுவிட்டான்.
உரையாடல்கள் பதிவு செய்யப்படுகின்றன.

இணைப்பு எண் சொல்லுங்க சார்.
எனக்கு மனப்பாடம்தான். ஆனாலும் சொன்னான்.
"ஃப்ரீசர்ல பால் இருக்கு மேடம்."
கதவைத் திறக்காதீங்க சார், திறக்காத வரைக்கும் தாங்கும்.
குழந்தை இருக்கா வீட்ல?
புகார்ப் படிவத்தில் இல்லாத கேள்வி.
"வாளித் தண்ணியில உக்கார வெச்சிருக்கேன்" என்று
போனை நீட்டினான் போலிருக்கிறது.
தண்ணீரை அறையும் சத்தம்.
பிறகு எஸ்தரின் சிரிப்பு,
விக்கலில் போய் முடிகிற அந்தச் சிரிப்பு.

பத்து நொடி பேசாமலிருந்தால்
சூப்பர்வைசர் திரையில் மஞ்சள் எரியும்.
எரிந்தது.

புகார் பதிவாகிவிட்டது.
வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?
"சீக்கிரம் வந்துடுங்க மேடம்."

பதினொன்றரைக்கு வீடு. மெழுகுவத்தி.
இரண்டு தடவை திறந்து பார்த்ததை ஒப்புக்கொண்டான்.
மேல்தட்டில் மூன்று பை குழைந்திருந்தது.
கொட்ட மனசில்லாமல்
கையிலேயே வைத்து நின்றேன்,
என் எழுத்தில் தேதிகளைப் படித்தபடி.
செவ்வாய், அறுபது மில்லி.

பாயில் படுத்ததும்
தூக்கத்திலேயே மோப்பம் பிடித்துத் திரும்பினாள்.
பிடரியில் வியர்வையும் பவுடரும்,
பிடித்துக்கொண்டதும் கால்விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.
ஒரு மில்லியும் எண்ணவில்லை நான்.

அப்போது கரண்ட் வந்தது.
தெருவே 'ஓ' என்று கத்தியது.
ட்யூப்லைட் இரண்டு தரம் துடித்தது.

ஜெயசீலா, அணை.
அணைச்சிடு.